நடித்தால் புரியும்: தொடக்கப்பள்ளிப் பாடங்களில் நாடகத்தையும் உடலசைவையும் பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

மூன்றாம் வகுப்பு, மூன்றாம் வாய்ப்பாடு. பிள்ளைகள் எழுந்து நின்று வரிக்கு ஒரு குதி குதித்துச் சொல்கிறார்கள். தூக்கம் கலைகிறது, வகுப்பு கலகலக்கிறது. ஆனால் அந்தக் குதிக்கும் பெருக்கலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குதிப்பதற்குப் பதிலாகக் கை தட்டினாலும் அதேதான்.

இப்போது வராந்தாவில் சாக்பீஸால் 0 முதல் 30 வரை கட்டம் போடுங்கள். ஒரு கட்டம் ஒரு சாண் போதும். பூஜ்ஜியத்தில் ஒரு பிள்ளையை நிறுத்தி, "மூன்று மூன்று கட்டமாகத் தாண்டணும். நாலு தாண்டு தாண்டினா எங்க நிப்பே? முதல்ல சொல்லு, அப்புறம் தாண்டு" என்று கேளுங்கள். இங்கே தாண்டுவதுதான் பெருக்கல். ஒரு தாண்டின் நீளம் ஓர் எண், எத்தனை தாண்டு என்பது இன்னோர் எண், கால் நிற்கும் கட்டம் விடை. பின்னோக்கித் திரும்பி, பன்னிரண்டிலிருந்து பூஜ்ஜியம் வர எத்தனை தாண்டு வேண்டும் என்று கேட்டால் வகுத்தலும் வந்துவிடுகிறது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இந்த வழிகாட்டியில் பாதி முடிந்தது. உடம்பு அசைந்தால் மட்டும் போதாது. பாடத்தின் கருத்து எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அதே வடிவத்தில் உடம்பு அசைய வேண்டும்.

ஆய்வுகள் என்ன காட்டியிருக்கின்றன

ஆஸ்திரேலியாவில் மிர்டோ மவிலிடியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு இத்தாலிய மொழிச் சொற்களைக் கற்றுக்கொடுத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குழு சொல்லின் பொருளையே உடம்பால் செய்து காட்டிக் கற்றது. இன்னொரு குழு அதே அளவு ஓடியாடியது, ஆனால் அந்த ஓட்டத்துக்கும் சொல்லுக்கும் தொடர்பில்லை. உட்கார்ந்த இடத்தில் கையசைத்த குழுவும், வழக்கம்போல் உட்கார்ந்து கற்ற குழுவும் இருந்தன. அதிகம் கற்றது பொருளோடு ஒட்டி அசைந்த குழு.

ஆர்தர் கிளென்பெர்க் குழுவினர் 2004-இல் அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பண்ணையைப் பற்றிய சிறு கதைகளைக் கொடுத்தார்கள். எதிரே பொம்மைக் கொட்டகை, விலங்குகள், டிராக்டர். வாக்கியத்தைப் படித்ததும் பொம்மையை அதற்கேற்ப நகர்த்திய பிள்ளைகள், நகர்த்தாமல் மறுபடி படித்தவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள், அதிகம் புரிந்துகொண்டார்கள். அப்புறம், கையால் நகர்த்தாமல் நகர்த்துவதாக மனதில் நினைத்துப் பார்க்கச் சொன்னபோதும் பலன் இருந்தது. இது மிக முக்கியம், ஐந்தாம் படியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

சிகாகோவில் சூசன் கோல்டின்-மெடோ குழுவின் ஆய்வு கணக்கைப் பற்றியது. 6 + 3 + 4 = __ + 4 என்ற கணக்கில் பல பிள்ளைகள் இருப்பதையெல்லாம் கூட்டி 13 என்றோ 17 என்றோ எழுதிவிடுவார்கள். சமக்குறி என்றால் 'விடையை எழுது' என்று அவர்கள் எடுத்துக்கொள்வதுதான் காரணம். இரண்டு பக்கமும் 4 இருப்பதால் காலி இடத்தில் வர வேண்டியது 6 + 3, அதாவது 9. இரண்டு விரலைப் பிரித்து 6, 3 இரண்டின் கீழும் வைத்து, அப்புறம் ஒற்றை விரலால் காலி இடத்தைக் காட்டும் ஒரு சின்னக் கையசைவைப் பிள்ளைகளே செய்யும்படி பழக்கினார்கள். சரியான கையசைவைச் செய்தவர்கள், கையசைவே இல்லாதவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். ஓடவும் குதிக்கவும் இடமில்லாத வகுப்பில் இது பெரிய ஆறுதல். இரண்டு விரலே போதுமானதாக இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 'சில பிள்ளைகள் கண்ணால் கற்பவர்கள், சிலர் காதால், சிலர் உடலால்' என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பழக்கம் பல பயிற்சிகளில் இருக்கிறது. அப்படிப் பிரித்து, அவரவர் வகைக்கு ஏற்பக் கற்பித்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்கு உருப்படியான சான்று கிடைக்கவில்லை. 'துறுதுறு பையன்களுக்கு நடிப்பு, அமைதியான பிள்ளைகளுக்குப் புத்தகம்' என்று பிரிக்காதீர்கள். நடிப்பு எல்லாருக்கும், புத்தகமும் எல்லாருக்கும்.

படி 1: பாடத்துக்குள் இருக்கும் செயலைத் தேடுங்கள்

பாடத்தைப் படித்துவிட்டு, 'இதில் எது நகர்கிறது, எது மாறுகிறது, யார் யாரிடம் என்ன வேண்டுகிறார்கள்' என்று கேளுங்கள். பத்து ஒன்றுகள் ஒரு பத்தாக மாறுகின்றன. மெய்யோடு உயிர் சேர்கிறது. நீர் ஆவியாகிறது. பூமி சுழல்கிறது. நரி காக்கையை ஏமாற்றுகிறது. செயல் தெரிந்துவிட்டால் நாடகம் பாதி தயார்.

செயல் எதுவும் அகப்படவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மாவட்டத் தலைநகரங்களின் பெயர்ப் பட்டியல், ர-ற எழுத்துப் பிழைகள் போன்றவற்றுக்கு வலிந்து நாடகம் போட்டால் நேரம்தான் போகும். எழுதிப் பழகுவதும் திரும்பத் திரும்ப நினைவுகூர்வதும் அங்கே நல்ல வழி.

படி 2: யார் எதற்குப் பதில், எங்கே பொருந்தாது

ஒரு துண்டுத் தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் பாடத்தில் உள்ளது, வலப்பக்கம் நாடகத்தில் அதற்கு நிற்பது. அடியில் 'எங்கே பொருந்தாது' என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியை எழுதாமல் வகுப்புக்குப் போகாதீர்கள்.

திட, திரவ, வாயு நிலைகளை எடுத்துக்கொள்வோம். தரையில் ஒரு சதுரம், உள்ளே பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு மூலக்கூறு. திடப்பொருளில் பக்கத்துப் பிள்ளையின் தோளைப் பிடித்தபடி நிற்க வேண்டும். சிலைபோல நிற்கக் கூடாது, நின்ற இடத்திலேயே நடுங்க வேண்டும். திடப்பொருளின் மூலக்கூறுகளும் அதிர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. 'சூடு ஏறுது' என்று நீங்கள் சொல்லச் சொல்ல நடுக்கம் கூடுகிறது. திரவத்தில் தோளை விட்டுவிடலாம், ஆனால் ஒருவரை ஒருவர் உரசியபடியே நழுவ வேண்டும். வாயுவில் கோட்டைத் தாண்டி எங்கும் போகலாம்.

பொருந்தாத இடங்கள் என்ன? சூடானால் மூலக்கூறே பெரிதாகிறது என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். அதனால் ஒவ்வொரு நிலைக்கும் பிறகு நிறுத்தி, "இப்ப எத்தனை பேர் இருக்கீங்க? யாராவது குண்டாயிட்டீங்களா?" என்று கேளுங்கள். அதே பன்னிரண்டு பேர், அதே அளவு. மாறியது இடைவெளியும் வேகமும்தான். இன்னொன்று, பிள்ளைகள் தாங்களே நினைத்து ஓடுகிறார்கள், மூலக்கூறுக்கு நினைப்பு கிடையாது. இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 'தண்ணீர் மேலே போக ஆசைப்பட்டது' என்று தேர்வில் எழுதுவார்கள்.

படி 3: இடமும் சைகையும்

இருபதடிக்கு இருபதடி அறையில் முப்பத்தைந்து பேர் என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட முடியாது. மூன்று வழி இருக்கிறது: எல்லாரும் நின்ற இடத்திலேயே செய்வது, எட்டுப் பேர் செய்ய மற்றவர்கள் கவனிப்பது, வராந்தாவுக்கோ மரத்தடிக்கோ போவது. கவனிப்பவர்களுக்கு ஒரு வேலை கட்டாயம் வேண்டும். 'வாயுவா மாறுற நேரத்துல முதல்ல யார் கோட்டைத் தாண்டினாங்கன்னு பாத்து வைங்க' என்பதுபோலச் சின்ன வேலை போதும்.

தொடங்கவும் நிறுத்தவும் ஒரே சைகையை வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டேச்சு' விளையாட்டு தெரியாத பிள்ளை நம் ஊரில் இல்லை. அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு நாள் பாடமே வேண்டாம், நடப்பதும் ஸ்டேச்சு சொன்னதும் உறைவதும் மட்டும் பழகட்டும். பைகளைச் சுவரோரம் தள்ளுங்கள், தரை ஈரமாக இருந்தால் அன்றைக்கு நின்ற இடத்து நாடகம்தான். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது.

படி 4: ஊகி, செய், உறை, சொல்

நடத்தும்போது இந்த நான்கும் இதே வரிசையில் வரட்டும். செய்வதற்கு முன் என்ன நடக்கும் என்று பிள்ளை ஊகித்துச் சொல்ல வேண்டும். ஊகம் இல்லாமல் செய்தால் அது வெறும் கட்டளைக்குக் கீழ்ப்படிதல். செய்த பிறகு உறைய வேண்டும், உறைந்த நிலையில் நடந்ததை வாயால் சொல்ல வேண்டும். சிந்தனை வேலை பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில்தான் நடக்கிறது. அவசரத்தில் நாம் வெட்டிவிடுவதும் இவற்றைத்தான்.

இடமதிப்பை வைத்து இதைப் பார்க்கலாம். இரண்டு பிள்ளைகள் வகுப்பைப் பார்த்து நிற்கிறார்கள். வகுப்பின் வலப்பக்கம் நிற்பவர் 'ஒன்றுகள்', இடப்பக்கம் 'பத்துகள்'. (வகுப்பைப் பார்த்து நிற்பவருக்கு இடமும் வலமும் தலைகீழ். நீங்கள் பிள்ளைகளின் பக்கம் நின்று பார்த்து நிறுத்துங்கள்.) வகுப்பு எண்ண எண்ண ஒன்றுகள் ஒவ்வொரு விரலாக விரிக்கிறார். ஒன்பது வந்ததும் ஸ்டேச்சு. "அடுத்தது என்ன ஆகும்?" ஊகம் வரட்டும். பத்தாவது விரல் விரிந்ததும் ஒன்றுகள் பக்கத்துப் பிள்ளையின் கையைக் குலுக்கிவிட்டு எல்லா விரலையும் மடக்குகிறார், பத்துகள் ஒரு விரல் விரிக்கிறார். விரல்கள் காட்டுவது 1, 0. பத்து விரலும் ஒரு விரலும் எப்படிச் சமம் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். இடமதிப்பின் மொத்தக் கருத்தும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

99-இல் நிறுத்திவிட்டு அடுத்தது என்ன என்று கேட்டால் மூன்றாவது பிள்ளை வந்தாக வேண்டும் என்பதை வகுப்பே கண்டுபிடிக்கும். கடன் வாங்கிக் கழித்தலுக்கும் இதே ஆட்கள் போதும். 42-இல் 17 போக வேண்டும். ஒன்றுகளிடம் இரண்டு விரல்தான், ஏழை மடக்க முடியாது. பத்துகள் ஒரு விரலை மடக்கி, கைகுலுக்கிக் கொடுக்கிறார். ஒன்றுகளிடம் இப்போது பன்னிரண்டு விரல் இருக்க வேண்டும், ஆனால் கையில் இருப்பது பத்துதான். ஒரு துணைப் பிள்ளை ஓடிவந்து பத்து விரலையும் விரித்துப் பக்கத்தில் நிற்கிறார். பன்னிரண்டில் ஏழு மடங்கி ஐந்து, பத்துகளிடம் உள்ள மூன்றில் ஒன்று மடங்கி இரண்டு. 25. கரும்பலகையில் 4-ஐ அடித்து 3 என்று எழுதி, 2-க்கு முன்னால் ஒரு 1 போடுகிறோமே, அந்த 1 யார் என்று பிள்ளைகள் இப்போது அந்தத் துணைப் பிள்ளையைக் கை காட்டுவார்கள்.

படி 5: அசைவைச் சுருக்குங்கள்

வகுப்பறை நாடகங்களில் அதிகம் விட்டுப்போகும் படி இதுதான். பிள்ளை தேர்வறையில் எழுந்து தாண்ட முடியாது. முழு உடம்பால் செய்ததை அடுத்த நாள் கையால் செய்யட்டும்: மேசைமேல் எண்கோடு வரைந்து விரல் தாண்டட்டும். அதற்கடுத்த நாள் கண்ணை மூடி, தாண்டுவதாக நினைத்துப் பார்த்து எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று சொல்லட்டும். அப்புறம் நோட்டில் எண்ணாகவும் குறியாகவும் எழுதட்டும். பொம்மையை நகர்த்திய பிள்ளைகளுக்கு, நகர்த்துவதாக நினைத்தபோதும் பலன் கிடைத்தது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதை வகுப்பில் செயல்படுத்துவது இப்படித்தான்.

சிக்கிக்கொண்ட பிள்ளையை ஒரு படி பின்னால் கூட்டிப் போகவும் இது உதவுகிறது. எழுத்தில் தடுமாறினால் விரலுக்குப் போ, விரலில் தடுமாறினால் வராந்தாவுக்குப் போ.

படி 6: ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள்

நடித்த அன்றைக்கு எல்லாருக்கும் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். ஒரு வாரம் விட்டு, நடிக்காமல், புதிய எண்களோடு அல்லது புதிய கதையோடு ஒரு கேள்வி கொடுங்கள். விடையைவிடப் பிள்ளை எப்படி விளக்குகிறது என்பதைக் கவனியுங்கள். விளக்கும்போது கை தானாக அசைகிறதா என்றும் பாருங்கள். வாயில் இன்னும் சொல்லாக வராதது சில சமயம் கையில் முன்னதாகவே வந்திருக்கும்.

தமிழ் எழுத்துக்கு

12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்தையும் தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்ய முயலும் பிள்ளைதான் தமிழில் தடுமாறுகிறது. சேர்க்கை விதி பிடிபட்டுவிட்டால் சுமை சட்டென்று குறையும்.

'க்' அட்டை பிடித்த பிள்ளை கையை ஒட்டிவைத்து விறைப்பாக நிற்கட்டும், ஒலியைச் சட்டென்று வெட்டிச் சொல்லட்டும். 'ஆ' பிள்ளை ஒலியை நீட்டியபடி நடந்து வந்து கையைப் பிடிக்கிறது, இருவரும் சேர்ந்து 'கா'. ஆ போய் இ வருகிறது, ஈ வருகிறது. பிறகு மெய்யை மாற்றி, உயிர் வரிசை அப்படியே திரும்ப வருகிறது.

பொருந்தாத இடம் இங்கே மிக முக்கியமானது. ஒலியில் மெய் முன்னே, உயிர் பின்னே. ஆனால் கெ, கே, கை எழுதும்போது உயிரின் குறி முன்னால் வந்து நிற்கிறது. கொ, கோ, கௌ என்றால் இரண்டு பக்கமும் நிற்கிறது. பல பிள்ளைகள் வாசிப்பில் தட்டுத்தடுமாறும் இடம் இதுதான். எனவே உயிர்ப் பிள்ளை ஒலிக்கும்போது பின்னால் வரட்டும். 'எழுத்தா மாறு' என்றதும் ஒற்றைக் கொம்பு அட்டையோடு வகுப்பின் இடப்பக்கத்துக்கு ஓடட்டும். 'கொ' என்றால் மெய்ப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் நீட்டி, ஒரு கையில் கொம்பும் மறுகையில் காலும் பிடிக்கட்டும். ஒலியின் வரிசை வேறு, எழுத்தின் வரிசை வேறு என்பதை உடம்பே ஓடிக் காட்டிவிடுகிறது.

குறில், நெடிலுக்கு அளவுகோல் நம்மிடமே உண்டு. கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் ஒரு மாத்திரை என்கிறது தொல்காப்பியம். குறிலுக்கு ஒரு நொடிப்பு, நெடிலுக்கு இரண்டு நொடிப்பின் நீளத்துக்குக் கையை விரித்தல். கல்-கால், படம்-பாடம், எடு-ஏடு என்று கலந்து சொல்லுங்கள். கேட்டுச் செய்யட்டும், பிறகு ஒரு பிள்ளை சத்தமில்லாமல் கையசைவை மட்டும் காட்ட, மற்றவர்கள் எந்தச் சொல் என்று கண்டுபிடிக்கட்டும்.

கதைக்கு

பெலக்ரினியும் கால்டாவும் 1982-இல் மழலையர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். கதை கேட்டபின் ஒரு குழு அதை நடித்தது, ஒரு குழு ஆசிரியரோடு கலந்துபேசியது, ஒரு குழு படம் வரைந்தது. கதையை நன்றாகப் புரிந்துகொண்டது நடித்த குழு. சிறிய வயதினரிடம் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது.

நடிப்பு என்றதும் ஆண்டு விழா நினைவுக்கு வந்தால் அதைத் தள்ளி வையுங்கள். வசன மனப்பாடமும் வேஷமும் மைக்கும் தேவையில்லை. எல்லாருக்கும் தெரிந்த பாட்டி-வடை-காக்கா கதையையே எடுத்துக்கொள்வோம்.

கதையை ஒரு முறை சொல்லுங்கள். பிறகு எல்லாருமே காக்கா. ஆளுக்கொரு மடித்த தாள்துண்டை உதடுகளுக்கு இடையே பிடித்துக்கொள்ளட்டும், அதுதான் வடை. (அவரவர் தாளை அவரவர் மட்டும்.) நீங்கள் நரியாகிக் குழைந்து, "காக்கா காக்கா, உன் குரல் எவ்வளவு அழகு, ஒரு பாட்டுப் பாடேன்" என்கிறீர்கள். பாட வாய் திறந்ததும் தாள் விழுகிறது. சின்னப் பிள்ளைகள் பலர் இந்தக் கதையை 'காக்கா பாடுச்சு, வடை விழுந்துச்சு' என்று இரண்டு தனி நிகழ்ச்சிகளாகத்தான் சொல்வார்கள். பாட வேண்டுமானால் வாய் திறக்க வேண்டும், திறந்தால் விழும் என்ற காரணம் இப்போது அவர்கள் உதட்டிலேயே நடந்துவிட்டது.

அடுத்து நரி. ஒரு நரிக்கு இரண்டு பிள்ளைகள்: ஒருவர் நரியின் வாய், பின்னால் நிற்பவர் நரியின் மனசு. வாய் "எவ்வளவு அழகா இருக்கே!" என்கிறது. நீங்கள் மனசின் தோளைத் தொட்டதும் அது "எனக்குப் பசிக்குது, வடை எப்ப விழும்?" என்கிறது. பேசுவது ஒன்று, நினைப்பது ஒன்றாக இருக்கலாம் என்பதைப் புரிந்துகொள்வது ஐந்தாறு வயதில் பெரிய தாவல். பிற்பாடு எந்தக் கதையைப் படித்தாலும் பாத்திரத்தின் உள்நோக்கத்தைத் தேடும் பழக்கம் இங்கேதான் பிடிபடுகிறது.

பிறகு பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து வகுப்பு கேள்வி கேட்கட்டும். 'உங்க வடை போனப்ப எங்கே பார்த்துட்டு இருந்தீங்க?' 'காக்காவுக்குப் பசின்னு தெரிஞ்சா நீங்களே கொடுத்திருப்பீங்களா?' கதையில் விடை இல்லாத கேள்விகள்தான் இங்கே நல்ல கேள்விகள். அடுத்ததாகக் கதையை மாற்றிப் பாருங்கள்: காக்கா வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடுகிறது. நரி இப்போது என்ன செய்யும்? மனசுப் பிள்ளை முதலில் யோசிக்க வேண்டும்.

ஆசிரியர் இந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நம் தெருக்கூத்தில் ஓர் ஆள் இருக்கிறார்: கட்டியங்காரன். கதைக்குள்ளும் இருப்பார், வெளியிலும் இருப்பார். ராஜாவிடமே குறுக்குக் கேள்வி கேட்பார், திரும்பிப் பார்வையாளரிடம் பேசுவார், விட்டுப்போனதைக் கேலியாக எடுத்துக்கொடுப்பார். ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் கட்டியங்காரன் ஆகிவிடுங்கள். 'இருங்க இருங்க, எனக்குப் புரியல, காக்கா ஏன் பறந்து போகல?' என்று தெரியாதவர்போலக் கேட்டால் பிள்ளைகள் போட்டி போட்டு விளக்குவார்கள். விளக்கும்போதுதான் அவர்களுக்கே தெளிவாகிறது. துண்டை எடுத்துவிட்டால் மறுபடி டீச்சர். எப்போது நாடகம், எப்போது பாடம் என்று அந்தத் துண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடும்.

முடிவில் நோட்டுக்கு வந்துவிடுங்கள். முதல் வகுப்பு மூன்று படம் வரையட்டும், இரண்டாம் வகுப்பு 'அதனால்' வருகிற மாதிரி இரண்டு வாக்கியம், மூன்றாம் வகுப்பு நரியின் மனசு பேசியதை எழுதட்டும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறார்கள். நடிக்கும்போது மூன்று நிலையும் கலந்தே இருக்கட்டும், எழுதும்போது பிரியட்டும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை நடிப்பில் பளிச்சென்று யோசிப்பதை அப்போதுதான் மற்றவர்களும் பார்ப்பார்கள்.

அங்கன்வாடி, எல்கேஜி வயதுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. சிகாகோவில் மழலையர் ஆசிரியராக இருந்த விவியன் பேலி பல ஆண்டுகள் செய்தது அது. பிள்ளை ஒரு கதை சொல்ல, சொன்னபடியே நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், பேச்சுமொழியைத் திருத்தாதீர்கள். பிறகு வட்டமாக உட்கார்ந்து நீங்கள் வாசிக்க, பிள்ளைகள் நடிக்கிறார்கள். 'ஒரு யானை வந்துச்சு. பாப்பாவ தூக்கிச்சு. போயிருச்சு.' இவ்வளவு இருந்தாலும் கதைதான். தன் வாயிலிருந்து போன சொல் தாளில் இருந்து திரும்பி வருவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, எழுத்து எதற்கு என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பகல், இரவுக்கு

வீட்டிலேயே செய்யலாம். இருட்டிய அறையில் ஒரு டார்ச், அதுதான் சூரியன். பிள்ளை பூமி, தலை வடக்கு, மூக்கில் சென்னை. சென்னைக்கு நேர் எதிர்ப்பக்கத்து நெடுக்கோட்டருகே மெக்சிகோ நகரம் இருப்பதால் பின்னந்தலையில் மெக்சிகோ. மெதுவாக இடப்பக்கமாகச் சுழல வேண்டும். வெளிச்சம் முதலில் இடக்கண்ணின் ஓரத்தில் தெரியும். அதுதான் விடியல், இடக்கை கிழக்கு. மூக்குக்கு நேரே வந்தால் உச்சிவேளை, வலக்கண் ஓரத்தில் மறைந்தால் அந்தி. "மூக்குல நடுப்பகல்னா பின்னந்தலையில என்ன நேரம்?" என்று கேளுங்கள். சூரியன் நகரவே இல்லை, நகர்ந்த மாதிரி தெரிந்தது என்பதைப் பிள்ளை தானே சொல்லும்வரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

தன்னை அடக்கிக்கொள்ளும் பயிற்சிக்கு

'தலை' என்றால் காலைத் தொட வேண்டும், 'கால்' என்றால் தலையை. கேட்டதும் கை போகிற வழியை நிறுத்தி, விதியை நினைத்து, வேறு பக்கம் திருப்ப வேண்டும். கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறனை அளக்க ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட விளையாட்டையே பயன்படுத்துகிறார்கள். விதியை நடுவில் மாற்றினால் இன்னும் கடினம்.

வேடத்துக்கும் இதில் பங்கு உண்டு. சோவியத் ஆய்வாளர் மனுயிலென்கோ 1940-களில் சிறு பிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொல்லிப் பார்த்தார். சும்மா நில் என்றதைவிட, காவல்காரனாக நடிக்கச் சொன்னபோது அவர்கள் அதிக நேரம் நின்றார்கள். 'சத்தம் போடாதே' என்று பத்து முறை சொல்வதைவிட, 'நாம கூட்டுக்குப் பக்கத்துல பறவை பாக்க வந்திருக்கோம்' என்று ஒரு முறை சொல்வது பலிப்பதற்குக் காரணம் இதுதான்.

யாருக்கு எந்த வேடம்

இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். பருமனான பிள்ளைக்கு யானை, கறுப்பான பிள்ளைக்கு அரக்கன், சிவப்பான பெண்ணுக்கு இளவரசி, வேலைக்காரன் வேடத்துக்கு எப்போதும் அதே இரண்டு பிள்ளைகள் என்று கொடுப்பது பாடம் அல்ல, காயம். ஊரில் யார் யாரை எப்படி நடத்துகிறார்களோ, அதே வரிசையை வகுப்பு நாடகத்திலும் நிறுத்திவிட்டால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் கற்றுக்கொள்வார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே வேடம் போடுவது, சீட்டுக் குலுக்குவது, பாதியில் வேடம் மாற்றிக்கொள்வது என எளிய வழிகள் உண்டு. பையன் பாட்டியாகட்டும், பெண் ராஜாவாகட்டும். யாராவது சிரித்தால் ஸ்டேச்சு சொல்லி நிறுத்தி, அந்த இடத்திலேயே பேசிவிடுங்கள்.

சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு 'நீ நடுவர்' என்று வேலை கொடுத்து ஒதுக்கிவிடக் கூடாது. அன்றைய செயலை எல்லாருமே உட்கார்ந்து கையால் செய்யும்படி மாற்றினால் போதும். கூச்சப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், மரமாகவோ கதவாகவோ நிற்கட்டும், அட்டை பிடிக்கட்டும். சத்தம் தாங்காத பிள்ளைக்கு என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே காட்டி, விலகி உட்கார ஓர் இடமும் சொல்லி வையுங்கள்.

முதல் வாரம்

திங்களும் செவ்வாயும் ஸ்டேச்சு மட்டும், ஐந்து நிமிடம். புதன்கிழமை விரல் இடமதிப்பு, 0 முதல் 20 வரை. வியாழன் அதையே 99 வரை கொண்டுபோய், கடைசிப் பத்து நிமிடம் நோட்டில் எழுத்து. வெள்ளிக்கிழமை கண்ணை மூடி, மனதுக்குள் கைகுலுக்கல். அடுத்த புதன்கிழமை யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாமல், 305-இல் நடுவில் உள்ள பூஜ்ஜியத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு, ஒவ்வொரு பிள்ளையும் சொல்லும் காரணத்தை அதன் சொந்தச் சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த வாரம் எந்தப் பிள்ளைகளை விரலுக்குக் கூட்டிப் போக வேண்டும், யாரை மூன்றிலக்கக் கழித்தலுக்கு அனுப்பலாம் என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.